வட்டிக்கும் சாதி உண்டு

(பாளையங்கோட்டையில் இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு மேடைகளில் நாம் வழக்கமாகப் பேசுவது ஆணவக்கொலை, கோயில் நுழைவு, இரட்டைக் குவளை, இடஒதுக்கீடு. பேச வேண்டியவைதான். ஆனால் வங்கி, வட்டி, உத்தரவாதம் என்று வந்ததும் "அது வேறு யாரோ பேச வேண்டிய விஷயம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். நாம் ஒதுங்கிய அந்த இடத்தில்தான் பெரும் பணம் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதனால் இன்று ஏற்றுமதிக் கடனைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கடைசிவரை கேளுங்கள், இது நம் ஊர்க் கதைதான்.

2025 நவம்பர் மாதம் ஒன்றிய அமைச்சரவை இரண்டு முடிவுகளை எடுத்தது. ஒன்று, ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கம். 2025-26 முதல் 2030-31 வரை 25,060 கோடி ரூபாய். இரண்டு, ஏற்றுமதியாளர்களுக்கான கடன் உத்தரவாதத் திட்டம். 20,000 கோடி ரூபாய் வரை கூடுதல் கடன் கொடுங்கள், திரும்பி வராவிட்டால் 100 விழுக்காடும் நாங்கள் பொறுப்பு என்று வங்கிகளிடம் அரசு சொன்னது. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குகள் மீது 50 விழுக்காடு வரி போட்டதுதான் உடனடிக் காரணம். அதே மாதம் ரிசர்வ் வங்கியும் பாதிக்கப்பட்ட துறைகளின் ஏற்றுமதியாளர்களுக்குக் கடன் தவணை கட்ட அவகாசம் கொடுக்க வங்கிகளை அனுமதித்து உத்தரவிட்டது.

இந்த உதவியே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. தூத்துக்குடியில் இறால் உரிக்கும் பெண்ணின் கூலி அந்த ஏற்றுமதியில் இருக்கிறது. திருப்பூரில் தையல் மெஷினுக்கு முன் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளையின் சம்பளம் அதில் இருக்கிறது. ஏற்றுமதி படுத்தால் முதலில் வேலை இழப்பது அவர்கள்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆர்டர் நின்றதும் ஏற்றுமதியாளரின் தவணைக்கு அவகாசம் கிடைத்தது. வேலை நின்ற பெண் வாரக் குழுவில் வாங்கிய கடனுக்கு அப்படி ஓர் உத்தரவு வந்ததா? அரசு யாருடைய நஷ்டத்தைத் தன் நஷ்டமாக எடுத்துக்கொள்கிறது? இன்றைய பேச்சு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

இந்தக் கேள்வியைக் கேட்க திருநெல்வேலியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. உலக மருந்து நூல்களில் நம் ஊர்ப் பெயர் அச்சாகியிருக்கிறது, தெரியுமா? மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் சென்னா என்ற மருந்து இலைக்கு 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர். நிலாவாரை என்று சித்த மருத்துவத்தில் சொல்வது. நம் சந்தையில் அவுரி என்றும் சொல்வார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி மானாவாரிக் காட்டில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போகிறது. அதற்கு முன்பே நம் கரிசல் பருத்தி 'டின்னவெல்லி' என்ற பெயரில் லிவர்பூல் சந்தையில் விற்றிருக்கிறது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து பஞ்சு வராமல் இங்கிலாந்து ஆலைகள் திணறின. நம் பருத்திக்கு விலை ஏறியது. பாபநாசத்தில் அருவித் தண்ணீரின் விசையை வைத்து ஹார்வி கம்பெனி நூல் ஆலை நடத்தியது. இந்தப் பள்ளத்தாக்கு இருநூறு ஆண்டுகளாக உலகச் சந்தையோடு கட்டப்பட்ட பள்ளத்தாக்கு.

ஊர்ப் பெயர் கப்பலேறியது. சரி, அந்த ஊரில் யார் கப்பலேற்றுகிறவர், யார் காட்டில் இலை பறிக்கிறவர்? அது தற்செயலாக அமைந்ததா?

முதலில் ஏற்றுமதிக் கடன் எப்படி வேலை செய்கிறது என்று எளிதாகப் பார்த்துவிடுவோம். தூத்துக்குடியில் ஒரு வியாபாரிக்கு ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் இருந்து சென்னா இலைக்கு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் வந்ததும் பணம் வராது. இலையை வாங்க வேண்டும், காய வைக்க வேண்டும், தரம் பிரிக்க வேண்டும், கட்ட வேண்டும், கப்பலில் ஏற்ற வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகும் வாங்கியவர் இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்துத்தான் பணம் அனுப்புவார். இந்த இடைவெளியைத் தாண்ட வங்கி கடன் கொடுக்கிறது. சரக்கு கப்பலேறும் முன் கொடுப்பது பேக்கிங் கிரெடிட். ஏறிய பின் பில்லின் பேரில் கொடுப்பது இன்னொன்று.

இந்தக் கடனில் அரசு மூன்று இடத்தில் கை கொடுக்கிறது. முதலாவது வட்டி. 2015 ஏப்ரல் 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை வட்டிச் சமன்பாட்டுத் திட்டம் என்று ஒன்று இருந்தது. வட்டியில் 3 விழுக்காட்டை அரசே கட்டியது. சிறு, குறு, நடுத்தர உற்பத்தியாளர்களுக்கு 2018 நவம்பரில் அதை 5 விழுக்காடாக உயர்த்தி, பிறகு திரும்பவும் 3 ஆக்கியது. இப்போது புதிய இயக்கத்தின் கீழும் வட்டிச் சலுகை உண்டு. இரண்டாவது காப்பீடு. 1957இல் தொடங்கிய, இன்று இசிஜிசி என்று அழைக்கப்படும் ஒன்றிய அரசு நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டில் வாங்கியவர் திவாலானால், அந்த நாட்டில் போர் வந்தால், இறக்குமதிக்குத் தடை விழுந்தால், நஷ்டத்தில் பெரும்பங்கை அது ஈடுகட்டும். கடன் கொடுத்த வங்கிக்கும் தனியாகப் பாதுகாப்பு கொடுக்கும். மூன்றாவது உத்தரவாதம். அதைத்தான் சற்று முன் சொன்னேன், 100 விழுக்காடு.

இதையெல்லாம் ஒரே வரியில் சொல்வதென்றால், அரசு ஏற்றுமதியாளருக்குக் காலத்தை வாங்கிக் கொடுக்கிறது. கடன் என்பது வேறொன்றும் இல்லை, காத்திருக்கும் வசதி. "பணம் மூன்று மாதம் கழித்து வரட்டும், அதுவரை நீ பயப்படாதே" என்று அரசு சொல்கிறது. நல்லதுதான். இதற்கு 'ஊக்குவிப்பு' என்று பெயர். கீழே இருப்பவருக்கு இதே மாதிரி ஏதாவது கொடுத்தால் மட்டும் அதற்கு 'இலவசம்' என்று பெயர் மாறிவிடுகிறது.

இப்போது அதே சங்கிலியின் அடுத்த முனைக்கு வாருங்கள். இலை பறிக்கும் பெண்ணுக்குக் காத்திருக்கும் வசதி உண்டா? அவர் தினக்கூலி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டும் என்றாலும் அன்றைக்கே பணம் வேண்டும். மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்களிடம் ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் வட்டி. அங்கேயும் கிடைக்காவிட்டால் கந்துவட்டி. நூற்றுக்குப் பத்து என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள். மாதத்துக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு 120 விழுக்காடு, அசல் அப்படியே நிற்கும். இதைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது.

சட்டம் வந்து 14 ஆண்டு கழித்து, 2017 அக்டோபர் 23 அன்று, நம் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நால்வரும் இறந்தார்கள். வாங்கிய கடன் ஒன்றரை லட்சம்கூட இல்லை, அதற்கு மேலேயே கட்டிவிட்டார்கள், பலமுறை மனுவும் கொடுத்தார்கள் என்று அன்றைய செய்திகள் சொல்லின. அந்தப் படத்தை நாடே பார்த்தது. ஒரே மாவட்டம், ஒரே நாணயம், ஒரே ரிசர்வ் வங்கி. ஒருவருக்குப் பணத்தின் விலை ஒற்றை இலக்கத்துக்குப் பக்கத்தில், அதிலும் கொஞ்சம் அரசு கட்டும். இன்னொருவருக்குப் பணத்தின் விலை உயிர்.

ஏன் இந்த வித்தியாசம்? வங்கியில் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வரும்: ஈடு. நம் ஊர்ப் பேச்சில் ஜாமீன். நிலப் பத்திரம் இருக்கிறதா, வீட்டுப் பத்திரம் இருக்கிறதா, கையெழுத்துப் போட வசதியுள்ள ஆள் இருக்கிறாரா? சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது என்று 2010இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதையும் மீறி ஈடு கேட்ட கதைகள் உங்களில் பலருடைய வீட்டிலேயே இருக்கும். ஏற்றுமதி ஆர்டர்களோ பெரும்பாலும் அந்த வரம்புக்கு மேலே போகிறவை.

ஈடு என்றால் நிலம். நிலம் என்றால் இந்தப் பள்ளத்தாக்கில் என்ன? கன்னடியன் கால்வாய், நதியுண்ணி, கோடைமேலழகியான், பாளையங்கால்வாய், மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணியின் அணைக்கட்டும் கால்வாயும் பாயும் நஞ்சை முழுக்க யார் பேரில் இருந்தது? அரசர்கள் எழுதிக் கொடுத்த பிரம்மதேயங்கள், கோயில் நிலம், மடத்து நிலம், பார்ப்பனர், வேளாளர் பண்ணை. அந்த வயலில் நாற்று நட்டதும் களை பறித்ததும் அறுத்துக் களம் சேர்த்ததும் தேவேந்திரர், பறையர், அருந்ததியர் குடும்பங்கள். உழைப்பு இவர்களுடையது, பட்டா அவர்களுடையது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. சென்னை மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று கணக்கு. அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. வங்கிக்காரர் சாதி கேட்பதில்லை, பத்திரம்தான் கேட்கிறார். ஆனால் பத்திரத்துக்குள் சாதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

இதற்கு மாஞ்சோலையை விடத் தெளிவான சான்று வேண்டாம். தேயிலை என்பதே உலகச் சந்தைக்காக மலையேறிய பயிர். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அங்கே காட்டைத் திருத்தித் தேயிலை வைத்துப் பறித்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். நான்கு தலைமுறை உழைப்பு. கம்பெனியின் கையில் 99 ஆண்டுக்கு ஒரு காகிதம் இருந்தது. தொழிலாளியின் கையில் ஒரு சென்டுக்குக்கூடக் காகிதம் இல்லை. குடியிருந்த லயனும் கம்பெனியுடையது. அவர்களின் கூலிக்காகவும் சிறையில் இருந்தவர்களின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23 அன்று ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனபோதுதான் போலீஸ் விரட்டி அடித்து, ஆற்றில் 17 உயிர் போயிற்று. 2024இல் தோட்டம் மூடப்பட்டபோது மலையிலிருந்து அவர்கள் இறங்கி வந்த நிலையைப் பார்த்தோம். உலகத்துக்குத் தேயிலை கொடுத்த குடும்பங்கள் ஒரு சின்னத் தொழில் தொடங்க வங்கிக்குப் போனால் எதை ஈடு காட்டும்?

கந்துவட்டிக்குத் தீயில் போனதும் கூலிக்கு ஆற்றில் போனதும் அதே ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"இது பழைய கதை, சந்தைக்குச் சாதி தெரியாது" என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பக்கத்து ஊர் தூத்துக்குடியின் வரலாற்றையே பதிலாகச் சொல்கிறேன். 1906இல் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்கு, மொத்த மூலதனம் 10 லட்சம். எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. அது கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. அதிகாரிகள் அதன் பக்கம் நின்றார்கள். 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், சில ஆண்டுகளில் சங்கம் கலைந்தது. அரசு யாருக்குத் துணை நிற்கிறதோ அவர்தான் கடலில் நிலைக்கிறார். வெறும் திறமை என்று ஒன்று கடல் வணிகத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அடுத்து, 1921. அதே தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்ற பெயரில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. 1962இல் பெயர் மாறியது. அது ஏன் அந்தச் சாதிப் பெயரில் பிறந்தது என்று யோசித்தீர்களா? கோயிலுக்குள் விடாத, மேலாடைக்குப் போராட வேண்டியிருந்த, 1899இல் சிவகாசியில் தாக்குதலுக்கு ஆளான ஒரு சமூகம், வணிகத்தில் கால் வைத்தது. பேட்டைகளை அமைத்துக்கொண்டது. ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று மகமை வசூலித்துப் பொதுப்பணம் சேர்த்தது. அந்தப் பொதுப்பணத்தில் பள்ளிக்கூடம் வந்தது, சங்கம் வந்தது, பிறகு வங்கியும் வந்தது. கடன் சாதி பார்த்துத்தான் கிடைக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தில் தெரிந்துகொண்டார்கள். அதனால் தங்களுக்கென்று ஒரு கடன் வாசலைக் கட்டினார்கள். சந்தைக்குச் சாதி தெரியாது என்றால் அந்த வங்கிக்குத் தேவையே இருந்திருக்காது.

"அப்படியானால் தலித்துகளும் அதைச் செய்ய வேண்டியதுதானே" என்று அடுத்த கேள்வி வரும். நான்கூட இதைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். மகமை கொடுக்க முதலில் மூட்டை வேண்டும், தோழர்களே. மூட்டை வைத்து விற்கச் சந்தையில் இடம் வேண்டும். விற்றால் வாங்குகிறவர் வேண்டும். ஊர்க்கட்டுப்பாடு போட்டு மளிகைச் சாமான்கூட விற்க மறுக்கும் ஊர்கள் இருக்கும் நாட்டில், ஒரு தலித் கடைக்காரரிடம் ஊர் முழுக்க வாங்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? அண்ணல் அம்பேத்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றி நூல் எழுதியவர். அவர் பம்பாயில் பங்கு வணிக ஆலோசனை அலுவலகம் தொடங்கியபோது, சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அதனால்தான் அவர் "நீங்களே வங்கி கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லவில்லை. 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அரசைப் பார்த்துக் கேட்டார்: நிலம் அரசுடையதாக இருக்கட்டும், கூட்டாகப் பயிரிடுகிறவர்களுக்குத் தண்ணீரும் மாடும் கருவியும் உரமும் விதையும் அரசே கொடுக்கட்டும். ஈடு இல்லாதவனுக்கு அரசே ஈடு என்பதுதான் அதன் சாரம்.

இன்றைக்கு அரசு அதைத்தான் செய்கிறது, தோழர்களே! 100 விழுக்காடு உத்தரவாதம் என்றால் அரசே ஈடு என்றுதானே அர்த்தம்? ஆனால் அது ஏற்கெனவே ஏற்றுமதியாளராக இருப்பவருக்கு. ஏற்றுமதியாளராக ஆகவே முடியாமல் வாசலில் நிற்பவருக்கு அல்ல.

ஹாம்பர்க்கில் இருக்கும் வியாபாரிக்கு உண்மையிலேயே நம் சாதி தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார். ஆனால் இலை விளையும் காட்டுக்கும் ஹாம்பர்க்குக்கும் நடுவே எத்தனை பேர்? நிலக்காரர், தரகர், குடோன்காரர், கடனுக்குச் சரக்குத் தருகிறவர், சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுகிறவர், வங்கி மேலாளருக்கு அறிமுகம் செய்துவைக்கிறவர். இவர்கள் எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். இவர்களுக்குத் தெரியும். 2005ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து லட்சுமி ஐயர், தருண் கன்னா, அஷுதோஷ் வர்ஷ்னி மூவரும் செய்த ஆய்வில், மக்கள்தொகையில் 16.4 விழுக்காடாக இருக்கும் பட்டியல் சாதியினர் கையில் இருந்த தொழில் நிறுவனங்கள் 9.8 விழுக்காடு. இது பெட்டிக்கடையும் சேர்த்த கணக்கு. இதில் கப்பல் வரை போகிறவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்?

திட்டங்களே இல்லையா என்றால், இருக்கின்றன. 2016இல் ஸ்டாண்ட் அப் இந்தியா வந்தது; ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்கும் பெண் ஒருவருக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு 2023இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டுவந்தது. 35 விழுக்காடு மூலதன மானியம், அதிகபட்சம் 1.5 கோடி, கூடவே 6 விழுக்காடு வட்டி மானியம். இது நல்ல திட்டம், இங்கே இருக்கிறவர்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் இவை எல்லாம் தொழிலைத் தொடங்க வைக்கும் திட்டங்கள். மெஷின் வந்துவிடும். ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொரு முறையும் சரக்கு முடியும்வரை, பணம் வரும்வரை தாக்குப்பிடிப்பதற்கு வேறு பணம் வேண்டும். அது ஏற்றுமதிக் கடன். அந்த ஏற்றுமதிக் கடனின் உலகத்தில் சமூகநீதி என்ற சொல்லே நுழையவில்லை.

சான்று வேண்டுமா? வங்கிகள் எந்தத் துறைக்கு எவ்வளவு கடன் கொடுத்தன என்று ரிசர்வ் வங்கி மாதாமாதம் ஓர் அட்டவணை வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் முன்னுரிமைத் துறை என்ற தலைப்பின் கீழே 'ஏற்றுமதிக் கடன்' என்று ஒரு வரி இருக்கும். அதே தலைப்பின் கீழே 'நலிந்த பிரிவினர்' என்று இன்னொரு வரி இருக்கும். பட்டியல் சாதியினர் அதில் வருகிறார்கள். ஒரே அட்டவணை, இரண்டு வரி. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று அந்த அட்டவணை சொல்வதே இல்லை. ஏற்றுமதியாளர் ஒருவகை மனிதர், நலிந்தவர் வேறுவகை மனிதர் என்பது அந்தக் காகிதத்திலேயே முடிவாகிவிட்டது.

இப்போது பத்தமடைக்கு வாருங்கள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை வெட்டி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மீண்டும் காயவைத்து, இழை இழையாகக் கிழித்து நெய்வார்கள். துணிபோல மடிக்கலாம் என்று உலகமே வியக்கும் பட்டுப் பாய். புவிசார் குறியீடு உண்டு. நெய்வது பெரும்பாலும் லப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். இந்தப் பெண்களில் ஒருவர் சட்டப்படி ஏற்றுமதியாளர் ஆவது கடினம் இல்லை. இணையத்தில் 500 ரூபாய் கட்டினால் ஏற்றுமதி, இறக்குமதிக் குறியீட்டு எண் கிடைத்துவிடும். ஆனால் 500 ரூபாய் எண் யாரையும் ஏற்றுமதியாளர் ஆக்காது. ஒரு நயமான பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் வீட்டில் எரியும் அடுப்புக்கு யார் பொறுப்பு என்பதுதான் அவர் ஏற்றுமதியாளரா கூலியா என்று தீர்மானிக்கிறது. யாரிடம் முன்பணம் வாங்குகிறாரோ அவருக்குத்தான், அவர் சொன்ன விலைக்குத்தான் பாய் போகும். புவிசார் குறியீடு பாய்க்குப் பெயர் கொடுத்தது. நெய்தவருக்குக் காலம் கொடுக்கவில்லை.

சாதியால் நிலம் இழந்த தலித்தும், மதத்தாலும் பாலினத்தாலும் ஓரத்தில் நிற்கும் பாய் நெய்யும் பெண்ணும் சந்திக்கும் இடம் இது. நம் அரசியல் இவர்களை ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

சரி, என்ன கேட்கலாம்? வெறும் கோபத்தோடு கலைந்துவிடக் கூடாது. நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, கணக்கு. ஏற்றுமதிக்கான வட்டிச் சலுகை, உத்தரவாதம், காப்பீடு மூன்றிலும் பலன் பெற்றவர்களின் விவரத்தை சாதிவாரியாக, பாலின வாரியாக, மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். தனிநபர் பெயர் வேண்டாம், எண்ணிக்கையும் தொகையும் போதும். கொடுப்பது பொதுப்பணம். யாருக்குப் போனது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இரண்டாவது, பங்கு. ஒன்றிய அரசும் அதன் பொதுத்துறை நிறுவனங்களும் செய்யும் கொள்முதலில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதல் விதி இருக்கிறது. அந்த இலக்கை எட்டுவதே இல்லை என்பது வேறு சண்டை. ஆனால் விதி இருப்பதால்தான் எட்டவில்லை என்று கேட்க முடிகிறது. 20,000 கோடி உத்தரவாதத்தில், 25,060 கோடி இயக்கத்தில் அப்படி ஒரு பங்கை ஒதுக்குங்கள் என்று கேட்போம். ஈடு இல்லாதவர்களுக்காகத்தான் உத்தரவாதம் என்பதே பிறந்தது. அதை ஈடு வைத்திருப்பவர்களுக்கே கொடுத்துவிட்டால் பிறகு அது எதற்கு?

மூன்றாவது, சங்கிலியின் கீழ்முனை. இதைப் பலர் கவனிப்பதில்லை: பேக்கிங் கிரெடிட்டை ஆர்டர் வைத்திருப்பவரும் அவருக்குச் சரக்குச் செய்து கொடுப்பவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கியின் விதியிலேயே வழி இருக்கிறது. ஏற்றுமதியாளர் உள்நாட்டுக் கடன் கடிதம் ஒன்றைத் திறந்தால், அதன் பேரில் செய்து கொடுப்பவரின் வங்கி அவருக்கே கடன் தரலாம். அப்படியானால் பத்தமடைப் பெண்கள் ஒரு கூட்டுறவாக, ஓர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால், அந்த மலிவான கடன் நேரே அவர்கள் கணக்குக்கு வர முடியும். சென்னா பயிரிடும் குத்தகை விவசாயிகளுக்கும் அப்படியே. காகிதத்தில் இருக்கும் இந்த விதியை மாவட்டத் தொழில் மையமும் முன்னோடி வங்கியும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். விண்ணப்பமும் விளக்கமும் தமிழில் வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். மாவட்ட வங்கியாளர் கூட்டத்தில் கேள்வி கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

நான்காவது, கூலி. பொதுப்பணத்தில் வட்டிச் சலுகையும் தவணை அவகாசமும் வாங்குகிற நிறுவனம் குறைந்தபட்சக் கூலி கொடுத்ததற்கும், பி.எப்., இ.எஸ்.ஐ. கட்டியதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். நெருக்கடி என்று சொல்லி அரசிடம் அவகாசம் வாங்கிக்கொண்டு, அதே நெருக்கடியைச் சொல்லித் தொழிலாளியை வெளியே அனுப்ப அனுமதிக்கக் கூடாது. ஏற்றுமதியாளருக்குத் தவணை அவகாசம் என்றால், அந்தத் துறையில் வேலை இழந்த பெண்ணின் குழுக் கடனுக்கும் அதே நாளில் அவகாசம் வேண்டும்.

இவை புரட்சிக் கோரிக்கைகள் இல்லை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நிலப் பங்கீடு நடக்காமல் இதெல்லாம் ஒட்டுப்போடும் வேலை என்று வாதிடலாம். நிலக் கோரிக்கையை நான் கைவிடச் சொல்லவில்லை. பஞ்சமி நிலம் மீட்கப்பட வேண்டும், மாஞ்சோலை மக்களுக்குக் குடியிருக்க நிலம் வேண்டும். ஆனால் நிலம் வரும்வரை வட்டி காத்திருக்காது. திங்கள்கிழமை காலை குழுக்காரர் வாசலில் வந்து நிற்பார். நிலத்தைப் பறித்ததால் ஈடு போனது. ஈடு போனதால் கடன் போனது. கடன் போனதால் தொழில் போனது. இந்த முடிச்சில் எந்த நூல் கைக்கு அகப்படுகிறதோ அதைப் பிடித்து இழுக்க வேண்டியதுதான்.

நம் தலைமுறை இடஒதுக்கீட்டைப் பேசும்போது அரசு வேலையையும் கல்லூரி இடத்தையும் மட்டும் பேசிப் பழகிவிட்டது. அரசு ஒருவருக்கு வேலை கொடுப்பது ஒரு வகைத் துணை என்றால், அரசு ஒருவருடைய கடனுக்குக் கையெழுத்துப் போடுவதும் துணைதான். முதலாவதில் நாம் நூறு ஆண்டு சண்டை போட்டுக் கணக்குக் கேட்கிறோம். இரண்டாவதில் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை. அந்தக் கையெழுத்து யாருக்காகப் போடப்படுகிறது என்று அடுத்த மாதமே ஒரு தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவோடு தொடங்குங்கள். மனு எழுதத் துணை வேண்டும் என்றால் கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்து எழுதுவோம்.